வீட்டுல ரெண்டு பேருக்கும் தலைசுத்தல், ஒரே மாத்திரை போதுமா?

கேள்வி: டாக்டர் வணக்கம். எனக்கு 56 வயசு, திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரு. ஆவணி மாசம் காய்ச்சல்ல ரெண்டு வாரம் படுத்தே கிடந்தேன், எந்திரிச்சதுல இருந்து இந்த தலைசுத்தல். ராத்திரி வலது பக்கம் திரும்பி படுத்தா வீடே சுத்துது, கட்டில கெட்டியா புடிச்சுக்குவேன், கொஞ்ச நேரத்துல நின்னுரும். பரண்ல இருக்குற டப்பாவ அண்ணாந்து பாத்தாலும், கோலம் போட குனிஞ்சாலும் அப்படித்தான். கழுத்து எக்ஸ்ரே எடுத்து தேய்மானம்னு சொல்லி பட்டை போட சொன்னாங்க. மூளை ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. மூணு மாசமா தினமும் ரெண்டு வேளை சின்னரிசின் மாத்திரை போடுறேன், தூக்கம்தான் வருது, சுத்தல் போகல. பித்தம்னு சொல்லி இஞ்சி சாறு குடிச்சாச்சு, இப்ப காதுல எண்ணெய் காய்ச்சி விட சொல்றாங்க. ஸ்ட்ரோக் வந்துருமோன்னு பயந்து வாசல தாண்டுறதே இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு 67 வயசு, பதினாலு வருஷமா சுகர், பிரஷர் இருக்கு, ப்ராஸ்டேட் வீக்கத்துக்கும் மாத்திரை போடுறாரு. அவருக்கும் காலையில எந்திரிச்சா கிறுகிறுங்குது, அதனால என் மாத்திரையவே அவருக்கும் குடுக்குறேன். குடுக்கலாமா? மார்கழிக்குள்ள எனக்கு சரியாகி கோலம் போட முடியுமா?

பதில்:

அம்மா, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். நீங்க உங்கள நினைச்சு பயப்படுறீங்க, எனக்கு உங்க வீட்டுக்காரர நினைச்சுதான் கவலையா இருக்கு. அதனால முதல்ல அத சொல்லிடுறேன், உங்க மாத்திரைய இன்னைக்கு ராத்திரியில இருந்து அவருக்கு குடுக்காதீங்க. காரணத்த பின்னாடி விவரமா சொல்றேன்.

நம்ம பேச்சுல ஒரு சிக்கல் இருக்குமா. "மயக்கமா வருது"ன்னு ஒரு வார்த்தையில எல்லாத்தையும் சொல்லிடுறோம். கோயில் க்யூல ரொம்ப நேரம் நின்னு பொத்துன்னு விழுந்தாலும் மயக்கம்தான், ராட்டினத்துல இருந்து இறங்கி வாந்தி வந்தாலும் மயக்கம்தான், பசியில கை நடுங்கினாலும் மயக்கம்தான். ஓபில அம்பது பேர் காத்துக்கிட்டு இருக்கும்போது டாக்டர் காதுல விழுறது அந்த ஒரு வார்த்தை, அதுக்கு சீட்டுல எழுதுறதும் ஒரே மாத்திரை. ஆனா சுத்துறது வேற, எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வர்றது வேற, நடக்கும்போது தள்ளாடுறது வேற. என்கிட்ட வர்றவங்கள நான் மூணு கேள்விதான் கேப்பேன், என்ன செஞ்சா வருது, வந்தா எவ்வளவு நேரம் இருக்கு, அப்ப கூட வேற என்ன வருது. இந்த மூணுக்கும் நிதானமா பதில் சொன்னாங்கன்னா பாதி நோய் அங்கயே தெரிஞ்சுரும். நீங்க கேக்காமலே மூணுத்துல ரெண்டுக்கு லெட்டர்ல பதில் எழுதிட்டீங்க. திரும்பி படுத்தா, அண்ணாந்தா, குனிஞ்சா வருது, கொஞ்ச நேரத்துல நின்னுரும். காது அடைப்பு, இரைச்சல், பேச்சு குழறல் எதையும் நீங்க எழுதல, அதனால அது இல்லன்னு எடுத்துக்குறேன், இருந்தா நேர்ல பாக்குற டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும்.

நீங்க சொன்னத வச்சு பாத்தா இது பிபிபிவின்னு நாங்க சொல்ற நோயா இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு. காதுல துகள் இடம் மாறிப்போறது, அவ்வளவுதான். உலகம் முழுக்க, சுத்துற மாதிரி வர்ற தலைசுத்தலுக்கு உள்காதுல இருந்து வர்ற காரணங்கள்லயே இதுதான் ரொம்ப சாதாரணமானது.

இது எப்படி வருதுன்னு சொல்றேன். செவிப்பறைக்கு அந்தப் பக்கம், எலும்புக்குள்ள பொதிஞ்சு, உடைஞ்ச வளையல் துண்டு மாதிரி மூணு குட்டி குழாய் இருக்கு, மூணும் மூணு திசையில நிக்கும், உள்ள தண்ணி மாதிரி ஒரு திரவம். தலைய எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த தண்ணி அசையும், அசையிறத நரம்பு மூளைக்கு சொல்லும். சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருப்பீங்கல்ல, நின்ன பிறகும் தெருவே சுத்துமே, நீங்க நின்னுட்டீங்க, குழாய்க்குள்ள இருக்குற தண்ணி இன்னும் நிக்கலன்னு அர்த்தம், இடுப்புல குடத்தோட நடந்து வந்து சட்டுன்னு நின்னா தண்ணி தளும்புற மாதிரிதான். அந்த மூணு குழாயும் வந்து சேர்ற இடத்துல ஒரு சின்ன பை, அதுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒரு மெத்தை, அதுக்கு மேல ஆயிரக்கணக்குல குட்டி துகள்கள் ஒட்டியிருக்கும். முட்டை ஓடு எதால ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்தான். ஒரு துகள் மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு இருக்கும். இந்த துகள்களோட கனத்த வச்சுத்தான் எது மேல எது கீழன்னு மூளை தெரிஞ்சுக்குது. நல்ல வேலை செய்யிற துகள்தான், இருக்க வேண்டிய இடத்துல இருக்குற வரைக்கும். வயசாக ஆக அதுல கொஞ்சம் உதிரும், உதிர்ந்தது தவறிப்போய் அந்த வளைஞ்ச குழாய்க்குள்ள விழுந்துட்டா, நீங்க திரும்பி படுக்கும்போது அது உருண்டு தண்ணியையும் சேத்து இழுத்துக்கிட்டு போகும், உடனே "தலை வேகமா சுத்துது"ன்னு மூளைக்கு பொய் தகவல் போகும். துகள் அடியில போய் தங்கினதும் சுத்தல் நின்னுரும், ஒரு நிமிஷத்துக்குள்ளயே. நீங்க எழுதுன "கொஞ்ச நேரத்துல நின்னுரும்"ங்கறதுதான் எனக்கு பெரிய துப்பு.

அம்பது வயசுக்கு மேல, அதுலயும் பெண்களுக்கு இது அதிகமா வருது. தலையில அடிபட்ட பிறகு வரும், பல நாள் படுத்த படுக்கையா இருந்த பிறகும் வரும். ரெண்டு வார காய்ச்சலுக்கு அப்புறம் உங்களுக்கு ஆரம்பிச்சது அதனாலயா இருக்கலாம்.

கழுத்து எலும்பு தேய்மானம்னு சொன்னதுக்கு வருவோம். அம்பது வயசு தாண்டின யாரு கழுத்த எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் தேய்மானம் தெரியும், எனக்கு எடுத்தாலும் தெரியும். படத்துல தெரியிறதால அதுதான் காரணம்னு ஆகிடாது. நீங்களே ஒண்ணு யோசிச்சு பாருங்க, படுக்கையில புரண்டு படுக்கும்போது தலையும் உடம்பும் சேந்தேதான் திரும்புது, கழுத்து தனியா முறுக்குறதே இல்ல, ஆனாலும் சுத்துது. அப்ப கழுத்து மேல பழி போடுறது எப்படி சரி? இதுல எனக்கு நெஜமாவே வருத்தம் உண்டு, எத்தனையோ அம்மாக்கள் மாசக்கணக்கா கழுத்து பட்டையோட அடுப்பங்கரையில வேலை செஞ்சுட்டு என்கிட்ட வந்து உக்காந்திருக்காங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம். மத்தபடி உங்களுக்கு கை மரத்துப்போறதோ கழுத்துல தாங்க முடியாத வலியோ இருந்து அதுக்காக பட்டை குடுத்திருந்தா அது வேற, தலைசுத்தலுக்குன்னா அது தேவையில்ல, காட்டின டாக்டர்கிட்ட கேட்டுட்டு கழட்டிடலாம்.

காதுல எண்ணெய் மட்டும் தயவுசெஞ்சு விடாதீங்க. துகள் இருக்குறது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், எண்ணெய் அங்க போகவே போகாது, காய்ச்சின எண்ணெய் தோலையும் செவிப்பறையையும் சுட்டுரும், அழுக்கோட ஊறி காளான் வரும். எண்ணெய் போகாட்டியும் அதோட சூடும் குளிர்ச்சியும் உள்ள போகும், அதுவே ஒரு சுத்தல கிளப்பும். வியன்னாவுல ராபர்ட் பாரனின்னு ஒரு டாக்டர், நோயாளிங்க காத தண்ணி அடிச்சு கழுவும்போது தண்ணி ஜில்லுன்னு இருந்தா தலை சுத்துதுன்னு அவங்க சொல்றத கவனிச்சாரு, சரின்னு சூடான தண்ணிய அடிச்சா அப்பவும் சுத்துது, ஆனா கண்ணு எதிர்ப்பக்கமா துடிக்குது. அந்த ஒரு கவனிப்புல இருந்துதான் உள்காதோட வேலைய சோதிக்கிற முறையே பொறந்துச்சு, அவருக்கு 1914ஆம் வருஷத்து நோபல் பரிசு கிடைச்சுது, சேதி வந்தப்ப அவரு முதல் உலகப் போர்ல ரஷ்யாக்காரங்ககிட்ட கைதியா இருந்தாரு. படுக்கும்போது தலை ஒரு பக்கம் திரும்பினா சுத்தல் வருதுன்னு ஒரு இளம்பெண் வந்தத 1921ல எழுதி வச்சவரும் அவருதான். உங்களுக்கு இருக்குற இதே நோய்.

இத உறுதி பண்ண என்ன செய்வாங்கன்னா, உங்கள கட்டில்ல உக்கார வச்சு, தலைய ஒரு பக்கம் பாதி திருப்பி, சட்டுன்னு மல்லாக்க படுக்க வச்சு தலைய கொஞ்சம் கட்டில் விளிம்புக்கு கீழ தொங்க விட்டு கண்ண பாப்பாங்க. டிக்ஸ் ஹால்பைக் டெஸ்ட்னு பேரு, 1952ல லண்டன்ல இருந்து ரெண்டு டாக்டருங்க எழுதினது. ரெண்டு மூணு செகண்ட் ஒண்ணும் இருக்காது, அப்புறம் சுத்தல் கிளம்பும், கண்ணு தானா சுழண்டு துடிக்கும், அத பாத்ததும் எந்தக் காது, எந்தக் குழாய்ன்னு சொல்லிடலாம். அந்த நேரம் பயமா இருக்கும்மா, நான் மறைக்கல, கண்ண இறுக்கி மூடிக்கணும்னு தோணும், தயவுசெஞ்சு தொறந்து வைங்க, கண்ணுலதான் விடையே இருக்கு. நீங்க சொல்றத பாத்தா வலது காதா இருக்கலாம், ஆனா அத டெஸ்ட் பண்ணிதான் சொல்லணும்.

வைத்தியம் மாத்திரை இல்ல. ரேஷன் அரிசிய கல்லரிச்சு எடுத்திருப்பீங்கல்ல, பாத்திரத்த இந்தப் பக்கம் சாச்சு அந்தப் பக்கம் சாச்சு கல்ல ஒரு ஓரமா ஒதுக்குவீங்களே, அதே வேலைதான், பாத்திரத்துக்கு பதிலா உங்க தலை. மல்லாக்க படுத்த நிலையில சுத்தல் நிக்கிற வரைக்கும் வச்சிருந்து, தலைய மெதுவா மறுபக்கம் திருப்பி, அப்புறம் உடம்பையும் சேத்து ஒருக்களிச்சு முகம் தரைய பாக்குற மாதிரி புரட்டி, ஒவ்வொரு நிலையிலயும் அரை நிமிஷம் ஒரு நிமிஷம் வச்சிருந்து எந்திரிச்சு உக்கார வைப்பாங்க. துகள் குழாயில ஒவ்வொரு வளைவா தாண்டி பழைய பைக்குள்ளயே போய் விழுந்துரும். இந்த பயிற்சி ஜான் எப்ளின்னு அமெரிக்க டாக்டர் ஒருத்தர் கண்டுபிடிச்சது, 1980கள்லயே அவரு செஞ்சு காட்டிக்கிட்டு இருந்தாரு, ஆனா இவ்வளவு சுலபமா சரியாகும்னு ரொம்ப பேரு நம்பல, 1992லதான் முழுசா வெளியாச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க இதுதான் முதல் வைத்தியம். பத்துல எட்டு பேருக்கு ஒண்ணு ரெண்டு தடவையிலயே சரியாகிடுது. முடிஞ்சதும் ரெண்டு நாள் உக்காந்துக்கிட்டேதான் தூங்கணும்னு முன்னாடி நாங்களே சொல்லிக்கிட்டு இருந்தோம், அது தேவையில்லன்னு இப்ப தெரிஞ்சுருச்சு.

முதல் தடவ நீங்களா வீடியோ பாத்து செய்யாதீங்க, எந்தக் காதுன்னு தெரியாம செஞ்சா பலன் இருக்காது, சில நேரம் துகள் வேற குழாய்க்கு போயிரும், உங்களுக்கு கழுத்து வலி இருக்கா இல்லையாங்கறதும் பாத்துதான் செய்யணும். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரில எல்லாம் காது மூக்கு தொண்டை ஓபி இருக்கு, போய் "படுக்கையில வலது பக்கம் திரும்பினா ஒரு நிமிஷத்துக்குள்ள சுத்தி நிக்குது"ன்னு இந்த வார்த்தையிலயே சொல்லுங்க, மயக்கம்னு மட்டும் சொல்லாதீங்க. திரும்ப வரலாம்கறதையும் இப்பவே சொல்லி வைக்கிறேன், அஞ்சு வருஷத்துல பாதி பேருக்கு மறுபடி வருது, வந்தா திரும்பவும் அதே பயிற்சி, அப்ப பயம் இருக்காது. வைட்டமின் டி ஒரு தடவ பாத்துருங்க, அது கம்மியா இருக்குறவங்களுக்கு சரிக்கட்டினா திரும்ப வர்றது குறையுதுன்னு கொரியாவுல செஞ்ச ஆராய்ச்சி 2020ல வந்திருக்கு.

இப்ப நீங்க போடுற சின்னரிசின். அது துகள நகத்தாது, மூளைக்கு போற தகவல கொஞ்சம் மழுங்கடிக்கும், அவ்வளவுதான். வாந்தியும் சுத்தலுமா ஆள எந்திரிக்க விடாம படுக்க வைக்கிற நேரத்துல ரெண்டு மூணு நாளைக்கு அது உதவி, நான் எழுதி குடுக்குறதும் உண்டு. மூணு மாசம் போடுற மாத்திரை இல்ல. பாலன்ஸ் கெட்டா மூளை தானா பழகி சரி பண்ணிக்கும், இந்த மாத்திரை அந்த பழக்கத்தையே தள்ளிப்போடும். வயசானவங்க மாசக்கணக்குல போட்டா கை நடுக்கம், நடை தளர்றதுன்னு பார்க்கின்சன் மாதிரியே வந்து நிக்கும், அத புது நோய்னு நினைச்சு அதுக்கும் மாத்திரை ஆரம்பிச்ச ஆளுங்கள நான் பாத்திருக்கேன். அதோட வாசல தாண்டாம உக்காந்திருக்கேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் என்ன ரொம்ப உறுத்துது. தலைய ஆட்டாம கழுத்த விறைப்பா வச்சுக்கிட்டு மூணு மாசம் இருந்தா நல்லா இருக்குறவங்களுக்கே நடை தள்ளாடும். துணைக்கு ஒரு ஆள் வச்சுக்கிட்டு காலையில தெரு முனை வரைக்குமாவது நடங்க, நாளைக்கே.

சரி, உங்க வீட்டுக்காரர். அவருக்கு திரும்பி படுத்தா சுத்துதுன்னு நீங்க எழுதல, எந்திரிச்சா கிறுகிறுங்குதுன்னு எழுதியிருக்கீங்க. அது காது இல்லம்மா, பெரும்பாலும் ரத்தம். நாம எந்திரிச்சு நின்னதும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் காலுக்கும் வயித்துக்கும் இறங்கும், உடனே நரம்புங்க ரத்தக்குழாய இறுக்கிப் புடிச்சு மூளைக்கு ரத்தத்த மேல ஏத்தணும். பதினாலு வருஷ சுகர்ல அந்த நரம்புங்க தளந்து போயிருக்கலாம், அது மேல பிரஷர் மாத்திரை, அது மேல ப்ராஸ்டேட்டுக்கு குடுக்குற டாம்சுலோசின் மாதிரி மாத்திரை, அதுவும் ரத்தக்குழாய கொஞ்சம் தளத்தி விடும். இந்த மூணும் சேர்ற நேரம் எது தெரியுமா, ராத்திரி ரெண்டு மணிக்கு யூரின் போக இருட்டுல எந்திரிக்கிற நேரம். அப்படி எந்திரிச்சு பாத்ரூம் வாசல்ல விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு வர்றவங்கதான் எங்க பக்கத்து ஆர்த்தோ வார்டுல பாதி கட்டில்ல கிடக்குறாங்க. நீங்க குடுத்த மாத்திரை இவருக்கு தூக்கக் கிறக்கத்த கூட்டும், தள்ளாட்டத்த கூட்டும், இந்த வகை மாத்திரைங்க யூரின் அடைப்பையும் கூட்டலாம். அதனாலதான் முதல்லயே நிறுத்த சொன்னேன்.

செய்ய வேண்டியது ஒரு எளிமையான டெஸ்ட். அவர அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு பிரஷர் பாக்கணும், அப்புறம் நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல ஒரு தடவ, மூணு நிமிஷத்துல ஒரு தடவ. மேல் நம்பர் 20 இல்ல கீழ் நம்பர் 10 இறங்கினா அதுதான் காரணம். உக்கார வச்சு மட்டும் பாத்துட்டு "பிரஷர் நார்மல்"னு சொன்னா போதாது, நிக்க வச்சு பாக்க சொல்லி நீங்களே கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. டாக்டர் மாத்திரை நேரத்தையோ அளவையோ மாத்துவாரு, நீங்களா பிரஷர் மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. இன்னொண்ணும் கவனிங்க, முகத்துக்கு சோப்பு போட்டு கண்ண மூடும்போது அவரு தள்ளாடி வாஷ்பேசின புடிச்சுக்குறாரா, செருப்பு கால விட்டு கழண்டு போறது தெரியாம நடக்குறாரா? அப்படின்னா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். கண்ணு, காது, பாதம் மூணும் சொல்றத வச்சுத்தான் மூளை நம்மள நிமித்தி நிறுத்துது, பாதம் பேசாம போனா கண்ண நம்பித்தான் நிப்பாரு, கண்ண மூடினதும் ஆட்டம் காணும். ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை போடுறவங்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் இதே மாதிரி நரம்ப கெடுக்கும், அதுக்கு ஒரு ரத்த டெஸ்ட் போதும். சனிக்கிழமை விரதம்னு சாப்பாட்ட தள்ளிப்போட்டு சுகர் மாத்திரைய மட்டும் போட்டு வேர்த்து நடுங்கி கிறுகிறுன்னு வந்தா அது சுகர் இறங்குறது, உடனே சர்க்கரை குடுத்துட்டு டாக்டர்கிட்ட சொல்லணும்.

டாக்டர பாக்குற வரைக்கும் அவரு எந்திரிக்கும்போது முதல்ல கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உக்காந்து குதிகால மேலயும் கீழயும் ஆட்டிட்டு அப்புறம் நிக்கட்டும். பாத்ரூம் வரைக்கும் சின்ன லைட் ஒண்ணு எரியட்டும், ராத்திரி யூரின் உக்காந்தே போகட்டும், ஈரத்துணியும் மிதியடியும் வழியில கிடக்க வேண்டாம்.

ஸ்ட்ரோக் பயம் பத்தி கேட்டீங்க. மூணு மாசமா திரும்பினா மட்டும் வந்து ஒரு நிமிஷத்துல போறது ஸ்ட்ரோக் வர்ற பாணி இல்ல. ஆனா ரெண்டு பேருல யாருக்காவது திடீர்னு தலைசுத்தலோட பேச்சு குழறினாலோ, ஒண்ணு ரெண்டா தெரிஞ்சாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கம் மரத்துப்போனாலோ, முழுங்க முடியாட்டியோ, புடிச்சுக்கிட்டு கூட நிக்க முடியாம ஒரு பக்கமா சாஞ்சாலோ, இதுவரைக்கும் வராத மாதிரி தலைவலி வந்தாலோ காத்திருக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க, ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நெஞ்சு வலியோட வந்தாலும், சுத்தாமலே திடீர்னு நினைவு தப்பி விழுந்தாலும் அது இதயம் சம்பந்தப்பட்டதா இருக்கலாம், அன்னைக்கே பாக்கணும். தலைசுத்தலோட ஒரு காது திடீர்னு கேக்காம போனா ரெண்டு நாளுக்குள்ள காது டாக்டர்கிட்ட போயிரணும், தள்ளிப்போட்டா கேக்குறது திரும்பாமலே போகலாம்.

நாள் கணக்கா விடாம சுத்தி வாந்தி எடுக்குறது உள்காது நரம்பு வீக்கம், 20 நிமிஷத்துல இருந்து 12 மணி நேரம் வரைக்கும் சுத்தி கூடவே காது அடைச்சு இரையிறது மெனியர் நோய், ஒத்தைத் தலைவலிக்காரங்களுக்கு வர்ற சுத்தல் இன்னொண்ணு, இது ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் தனித்தனி. உங்களுக்கு அது எதுவும் மாதிரி தெரியல.

பித்தம்னு சொல்றவங்ககிட்ட சண்டை போட வேண்டாம், இஞ்சி சாறு குமட்டலுக்கு கொஞ்சம் கேக்கும், குடிச்சுக்கங்க. துகள் அதுல நகராது.

கோலம் கேட்டீங்க. இப்ப கார்த்திகை முடியப்போகுது, இந்த வாரமே போய் பயிற்சிய செஞ்சுக்கிட்டா மார்கழி முதல் நாளுக்கு நேரம் இருக்கு. முடிஞ்ச பிறகும் ஒரு வாரம் பத்து நாள் லேசா மிதக்குற மாதிரி இருக்கும், அது சுத்தல் இல்ல, மூளை பழகுற வரைக்கும்தான். முதல் நாலஞ்சு நாள் நின்னுக்கிட்டு குனியாம ஒரு மணைக்கட்டைய போட்டு உக்காந்து புள்ளி வைங்க, எந்திரிக்கும்போது மகளோ பக்கத்து வீட்டுப் பொண்ணோ கை குடுக்கட்டும், வீட்டுக்காரர மட்டும் அந்த இருட்டுல உங்களுக்கு துணைக்கு நிக்க சொல்லாதீங்க, விடிஞ்ச பிறகு ரெண்டு நிமிஷம் கட்டில்ல உக்காந்துட்டு அவரு மெதுவா எந்திரிச்சு வந்து கோலத்த பாக்கட்டும்.